முதலாளி எழுத்து

அந்த எழுத்துக்குக் கம்பியூட்டரில் வாய்க்குள் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. "முதலாளி எழுத்து" என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கும். பெயர் வைத்தவள் சுஹைராதான். நிமிர்ந்து நிற்கும் கோடுகளெல்லாம் தூண் போலத் தடிப்பு, படுத்துக் கிடக்கும் கோடுகளெல்லாம் தலைமயிர் அளவு மெல்லிசு. கோடு முடிகிற இடங்களில் சின்னச் சின்னப் பாதங்கள் வேறு. வயிறு பெருத்து, கால் சூம்பி, மினுக்கிய சப்பாத்தோடு கல்யாண மண்டப வாசலில் நிற்கிற பெரிய மனிதர் மாதிரி இருக்கிறதே என்று எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் சொல்லப்போக, கடை முழுக்கச் சிரித்தது. முதலாளி வினோதனும் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தார். அன்றைக்கு அந்த எழுத்தைப் பகிடி பண்ண அவளுக்கு இரண்டு கண்ணும் நல்லாகத்தான் இருந்தன.

திருகோணமலை உள்துறைமுகத்தை நோக்கி இறங்குகிற வீதியில் இருக்கிறது அந்த அச்சுக்கடை. முன்னுக்கு ஓடர் எடுக்கிற மேசை, நடுவில் பிரிண்டர், பின்னால் பனர் அடிக்கிற மெசின், இவற்றுக்கிடையில் சுவரை ஒட்டினாற்போலச் சுஹைராவின் மேசையும் கதிரையும். கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தக் கதிரையில் இருபத்தொரு வருடமாக இருந்து எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கட்டை. கதிரையை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தால்தான் கால் நிலத்தில் படும். வேறு யாராவது இருந்து உயரத்தை மாற்றிவிட்டுப் போனால் அன்றைக்கெல்லாம் அவளுக்கு இடுப்பு வலி.

முதலாளி எழுத்துக்கு அப்படியொரு மவுசு. கல்யாண அட்டையில் மாப்பிள்ளை பெண்ணின் பெயர் அதில்தான் வரவேண்டும், அதுவும் தங்க நிறத்தில். நிலாவெளி ஹோட்டல்காரர்கள் தங்கள் பெயரை அதில் எழுதி வாசலில் மாட்டினால் அறைக்கு ஒரு நட்சத்திரம் கூடின மாதிரி நினைத்துக்கொள்வார்கள். சாறிக்கடை, நகைக்கடை, தேர்தலில் நிற்கிறவர், பாராட்டு விழா எடுக்கிறவர், எல்லோரும் வந்து மேசையில் கையூன்றி, "அந்தத் தடிச்ச எழுத்திலை போடுங்கோ" என்பார்கள். அவர்கள் ஆசைப்படுவதிலும் பிழையில்லை. பெரிதாக, நாலே நாலு சொல்லாக, சுற்றிவர வெள்ளை இடம் விட்டு வைத்தால் அந்த எழுத்தின் கம்பீரத்துக்கு நிகரில்லை. தூணுக்கும் மயிர்க்கோட்டுக்கும் இடையில் உள்ள அந்த வித்தியாசம்தான் ஆளை நிறுத்திப் பார்க்க வைக்கும்.

ஆனால் அதைச் சின்னதாக்கினால் வந்தது வினை. மயிர்க்கோடுகள் பொடிந்துபோகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போட்டால் மை மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். பனரில் அடித்து வெயிலில் கட்டினால் மூன்று மாதத்தில் மெல்லிசு வெளிறி, தூண்கள் மட்டும் நிற்கும். கடையின் சொந்தப் பெயர்ப்பலகைக்கே அந்தக் கதிதான். கடற்காற்று மெல்லிய கோடுகளை எப்போதோ தின்றுவிட்டது. கடைப் பெயர் ஊருக்கெல்லாம் தெரியுமென்பதால் யாரும் அதைக் கவனித்ததில்லை. சுஹைரா எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். டெலிபோன் நம்பருக்கும் விலாசத்துக்குமாவது சாதாரண எழுத்துப் போடுவோம் என்று கெஞ்சியிருக்கிறாள். பணம் தருகிறவர்கள் கேட்டால்தானே. கடைசியில், எப்படியாவது போங்கள் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மயிர்க்கோடுகள் அவளுடைய கண்ணிலிருந்தும் போய்விட்டன.

முதலில் ஸ்கிரீன் ஊத்தை என்று நினைத்துத் துடைத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது, ஒப்பரேசன் செய்தால் சுகம் வரும், திகதி தருகிறேன் என்றார். திகதியும் தந்தார். அவள் போகவில்லை. இரண்டாவது திகதிக்கும் போகவில்லை.

பயம் கத்திக்கு அல்ல. ஒவ்வொரு கண்ணாகச் செய்து ஆறி முடிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும், அதுவரை கம்பியூட்டர் பக்கம் போகக்கூடாது என்றார்கள். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் நீண்ட லீவு எடுத்தவர்களின் கதை அவளுக்குத் தெரியும். முன்பு பக்கத்து மேசையில் றஹ்மா என்றொருத்தி இருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் போய் மூன்று மாதத்தில் திரும்பி வந்தபோது அவளுடைய கதிரையில் வேறோர் ஆள் இருந்தார். "இடமில்லையே பிள்ளை" என்று வினோதன் நல்ல மாதிரித்தான் சொன்னார். றஹ்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அந்த நிற்பு சுஹைராவின் மனதை விட்டுப் போகவேயில்லை. அவளுடைய புருசன் ஜெமீலுக்கு முழங்கால் போய், தோணி ஏறுவதை விட்டு நாலு வருடமாகிறது. வீட்டில் சம்பளம் என்று வருவது இந்தக் கதிரையிலிருந்துதான். ஆகவே டாக்டரிடம் போன கதையை அவள் ஜெமீலுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுசன் உடனே போ என்பான். அதுவும் ஒரு கரைச்சல்.

சொல்லாமல் எப்படி வேலை செய்தாள் என்று கேட்கலாம். பாதிக் குருடோடு அச்சு வேலை செய்வதற்கும் ஒரு வழி இருக்கிறது, அதை அவளாகவே கண்டுபிடித்தாள். முதலாளி எழுத்தில் அவளுக்குத் தூண்கள் மட்டும் தெரிந்தன. ட என்றால் ஒரு தூண். ப என்றால் இரண்டு தூண். அடியில் ஓடுகிற கோடு கிடையாது. இரண்டு தூணைப் பார்த்து எத்தனை நாளைக்கு ஊகித்துக்கொண்டிருப்பது? அதனால், எழுத்துப் பிழை பார்க்கும்போது முழுவதையும் தெரிவுசெய்து, எல்லாக் கோடும் ஒரே தடிப்பான சாதாரண எழுத்துக்கு மாற்றுவாள். பெரிதாக்கி வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பாள். திருத்தி முடிந்ததும் திரும்ப முதலாளி எழுத்துக்கு மாற்றி அனுப்புவாள். இரண்டு வருடத்தில் ஒரு பிழையும் வெளியே போகவில்லை. முன்பு கண் நல்லாக இருந்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக வேலை நடந்ததில்லை.

ஆனால் களைத்துப்போனாள். ஒரு வேலைக்கு இரண்டு வேலை. பின்னேரமாகும்போது நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறிக்கும். பஸ்ஸிலாவது கண்ணை மூடலாம் என்றால் அதுவும் முடியாது. யன்னல் கரையோர சீற்றில் இருந்து, வருகிற பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கண்ணைச் சோதிப்பாள். சீனன்குடாவில் டயர்க்கடைப் பலகை தெரிந்ததா, மருந்துக்கடைப் பலகை தெரிந்ததா, நேற்றுத் தெரிந்தது இன்றைக்குத் தெரியவில்லையே என்று நெஞ்சு அடிக்கும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. பாலம் தாண்டி வீட்டடியில் இறங்கும்போது அவளைப் பார்க்கிறவர்களுக்குக் காய்ச்சல்காரி என்றுதான் தோன்றும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஓர்ஸ் ஹில் பக்கத்துக் கமலாதேவி அம்மாவின் கல்வெட்டு வேலை வந்தது. இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், உறவினர் பெயர்கள் எல்லாம் சேர்த்து, முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. இறந்தவர் அம்மாவின் கணவர் அருளம்பலம், துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பாரந்தூக்கி ஓட்டினவர். மகன் நோர்வேயில். அட்டைப்படத்தை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியபோது, அப்பாவின் பெயர் முதலாளி எழுத்தில் வந்திருந்ததைப் பார்த்து ஆள் கிறங்கிப்போனார். உள்ளே இருக்கிற முப்பத்திரண்டு பக்கமும் இதே எழுத்தில் வேண்டும் என்றார்.

"சின்ன எழுத்துக்கு இது சரிவராது எண்டு சொல்லுங்க அண்ணன்" என்றாள் சுஹைரா.

"சொன்னனான். கேக்கிறாரில்லை. அவர்தானே காசு அனுப்புறவர், அவர் கேட்டதைக் குடுப்பம்" என்றார் வினோதன்.

கோத்தாள். வழக்கம்போல மாற்றிப் பார்த்தாள், திருத்தினாள், திரும்ப மாற்றினாள். மாதிரித்தாள் எடுத்துக் கமலாதேவி அம்மாவிடம் காட்டினார்கள். அவர் அதை முகத்துக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "மகன் சரியெண்டால் சரி" என்று கையெழுத்து வைத்தார். நோர்வேயும் சரி என்றது.

அச்சுக்குப் போகிற அன்று காலையில் நோர்வேயிலிருந்து ஒரு தகவல் வந்தது. பேரப்பிள்ளைகள் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டுப்போயிற்றாம், உடனே சேர்க்கட்டாம். கல்வெட்டு என்றால் இது வழக்கம். பெயர் விடுபட்ட உறவு பத்து வருடத்துக்குக் கதைக்காமல் இருக்கும். சுஹைரா முழுவதையும் சாதாரண எழுத்துக்கு மாற்றினாள், பெயரைச் சேர்த்தாள், இரண்டு தரம் வாசித்தாள். அந்த நேரம் பார்த்து முன்மேசையில் யாரோ ஒரு பாடசாலைப் பனருக்கு அவசரம் என்று கத்த, வினோதன் கூப்பிட, எழும்பிப் போனாள். திரும்பி வந்து கல்வெட்டை அச்சுக்கு அனுப்பினாள். திரும்ப மாற்றவில்லை.

இருநூறு புத்தகமும் அடித்து, மடித்து, கம்பிப் பின் அடித்துக் கட்டாகிவிட்டன. முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வினோதன் ஒரு கட்டைப் பிரித்து ஒரு புத்தகத்தை விரித்தார். தடித்த எழுத்தின் அகலம் போய்விட்டதால் பக்கங்களின் அடியில் இடம் சும்மா கிடந்தது. அவருடைய முகம் கறுத்தது.

"சுஹைரா, இங்கை வாங்கோ. இது என்ன?"

அவள் வாங்கி விரித்துப் பார்த்தாள். எல்லா எழுத்தும் தெரிந்தது. ஒரு கோடு விடாமல், ஒரு சுழி விடாமல் தெளிவாகத் தெரிந்தது. அப்போதே அவளுக்குப் பிழை விளங்கிவிட்டது.

"மூண்டு தரம் சொன்னவர் அந்த மகன்! கையெழுத்து வைச்ச தாள் ஒண்டு, அடிச்சது வேறை ஒண்டு. இருபத்தொரு வருசத்திலை இப்பிடி நடந்ததில்லை. என்ன நினைப்பிலை இருக்கிறியள்? நாளைக்கு விடியத் தேவை. இனி எப்ப அடிச்சு, எப்ப மடிச்சு…"

எதைச் சொல்வது? மாற்ற மறந்துவிட்டேன் என்றால், ஏன் மாற்றினாய் என்பார். ஏன் என்றால், கண். கண் என்றால், கதிரை. அவர் கத்தக் கத்த, அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம்கூட வரவில்லை. எங்கேயாவது ஒரு மூலையில் சரிந்து படுத்தால் போதும் என்றிருந்தது.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. கமலாதேவி அம்மா இறங்கி உள்ளே வந்தார். எழுபது வயது இருக்கும். வெள்ளைப் பருத்திச் சேலை, கையில் ஒரு பெரிய பை. வினோதனின் குரல் சட்டென்று பத்து மடங்கு இறங்கியது. கதிரை இழுத்துப் போட்டார். இரவுக்குள் சரிபண்ணித் தருகிறோம் என்று என்னவோ தொடங்கினார். அம்மா அதற்குக் காது கொடுக்காமல் ஒரு புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, மடியில் வைத்து விரித்தார்.

பிறகு அவர் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். மெதுவாக, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு. அருளம்பலம் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், துறைமுகத்தில் சேர்ந்த வருடம். ஒரு மழைநாளில் பாரந்தூக்கியின் மேலே ஆறு மணித்தியாலம் இறங்க முடியாமல் இருந்துவிட்டு, இறங்கி வந்து தேத்தண்ணி கேட்ட கதை. அந்த இடத்தில் அம்மா வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

"இதை நான்தான் மகனுக்கு ரெலிபோனிலை சொன்னனான். எழுதிப்போட்டான், பாருங்கோ. எழுதினது எனக்குத் தெரியாது. அண்டைக்கு நீங்கள் காட்டின தாளிலை எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. கறுப்புக் கறுப்பா வேலிக்கம்பு நட்டு வைச்ச மாதிரிக் கிடந்தது. கண்ணிலை பூ. வெட்கத்திலை சரியெண்டு கையெழுத்து வைச்சனான்." சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுஹைராவைப் பார்த்தார். "நான் வாசிக்கட்டும் எண்டுதானே, பிள்ளை, எழுத்தை மாத்தினனீங்கள்?"

வினோதன் கெட்டிக்காரர். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் அம்மா, உங்கடை வயசை யோசிச்சுத்தான் சுஹைரா… என்ன சுஹைரா?" என்று அவளைப் பார்த்தார். புருவம் இரண்டும் மேலே ஏறி நின்றன. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி போகும், பாராட்டு வரும், கதிரை தப்பும். நாளைக்குக் காலையில் அதே பஸ், அதே பலகைகள், அதே மாற்றல், அதே திரும்ப மாற்றல்.

அந்த நாளையை நினைத்ததும் அவளுக்கு உடம்பு முழுக்க ஓய்ந்துபோயிற்று. பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. அது அவளிடம் முடிந்துவிட்டது.

"இல்ல அம்மா" என்றாள். "உங்களுக்காக மாத்தல்ல. எனக்கும் கண்ணுல பூ. அந்த மெல்லிசுக் கோடெல்லாம் எனக்கும் தெரியாது. ரெண்டு வருசமா, மாத்தி வைச்சுத்தான் பிழை பாக்கிறனான். இந்தமுறை திருப்பி மாத்த மறந்துபோனன்."

கமலாதேவி அம்மா அவளுடைய கையை எட்டிப் பிடித்தார். பிடித்தபடியே வினோதனைத் திரும்பிப் பார்த்தார்.

"வேறை அடிக்கத் தேவையில்லை. இதையே கொண்டு போறன்."

"மகன் கேட்டால் அம்மா…"

"அவனுக்கு நான் சொல்லுறன். செத்தது என்ரை மனுசன்."

கட்டுகளை ஓட்டோவில் ஏற்றிவிட்டு வந்த வினோதன் நேராக அவளுடைய மேசைக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் சொல்லேல்லை?"

"றஹ்மா போயிட்டு வந்தவ" என்றாள். "கதிரை இருக்கல்ல."

அவர் வெளியே போய் வீதியில் நின்றார். கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடையின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார், கன நேரம். பிறகு உள்ளே வந்து, "எழும்புங்கோ" என்றார்.

எழும்பினாள். இவ்வளவுதான் என்று நினைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். மேசை லாச்சிக்குள் கிடந்த தைல போத்தலையும் எடுத்துக்கொண்டாள். வேறொன்றும் அவளுடையதாக அங்கே இல்லை.

வினோதன் அந்தக் கதிரையில் இருந்தார். ஆறடி மனிதர். முழங்கால் இரண்டும் மேசையில் இடித்தன. வயிறு இடம் கொள்ளாமல் தவித்தது. அரைகுறையாகக் கிடந்த ஒரு கல்யாண அட்டையைத் திறந்து, மூக்கை ஸ்கிரீனுக்குக் கிட்டக் கொண்டுபோய் வாசிக்கத் தொடங்கினார். பழக்கமில்லாத விரல்கள் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டின. நாலு வரிக்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

"உயரத்தக் கூட்டுங்க அண்ணன். பக்கத்துல பிடி இருக்கு" என்றாள். இருபத்தொரு வருடப் பழக்கம், சும்மா இருக்க முடியவில்லை.

"வேண்டாம்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "நீங்கள் வந்தாப்பிறகு ஆர் திருப்பிக் குறைக்கிறது? திங்கக்கிழமை போய்த் திகதி எடுங்கோ. இந்தமுறை போகாட்டில் நானே கொண்டுபோய் விடுவன், சொல்லிப்போட்டன்."

அவள் தைல போத்தலைத் திரும்ப லாச்சிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கிண்ணியா வழியாகப் போகிற மூன்றரை மணி மூதூர் பஸ்ஸில் கரையோர சீற் கிடைத்தது. பஸ் வெளிக்கிட்டதும் வழக்கம்போலக் கண் தானாக வீதிக்குப் போயிற்று. முதல் பலகை வந்தது. அது என்ன கடை என்று அவள் பார்க்கவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

"ராத்தா, ராத்தா, எழும்புங்க. மூதூர் வந்திட்டு."

கொண்டக்டர் தோளில் தட்டிக்கொண்டு நின்றான். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. சீனன்குடா போய், பாலம் போய், கிண்ணியா போய், அதற்கப்பால் உள்ள ஊர்களெல்லாம் போய்விட்டன. இறங்கித் தரிப்பிடத்து மர வாங்கில் இருந்து, திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கைப்பைக்குள் டெலிபோன் அடித்தது. ஜெமீல்.

"எங்க புள்ள நிக்கிறாய்? பஸ் போய் எவ்வளவு நேரம்!"

"மூதூர்ல."

"மூதூர்லயா? அங்க என்ன வேலை?"

"நித்திரையாப் போனன்."

இருபத்தொரு வருடத்தில் ஒருநாளும் நித்திரையாகி இறங்கும் இடத்தைத் தவறவிடாதவள் அவள் என்று அந்த மனுசனுக்குத் தெரியும்.

"உடம்புக்கு என்னவும் செய்யுதா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றாள் சுஹைரா. "கண். ரெண்டு வருசமா. வந்து எல்லாத்தையும் சொல்றன், சோறு போட்டு வைங்க."